மார்த்தாண்டம் தேனைப் பெரிய இணையச் சந்தைகளில் விற்கலாமா?

குமரி மாவட்டத்தின் விளவங்கோடு, கல்குளம் வட்டங்களில் ரப்பர் மரங்கள் இலையுதிர்த்துப் புதுத் தளிர் விடும் காலமே தேன் வரவுக் காலமாகும். இளந்தளிர்களின் இலைக்காம்பில் உள்ள சுரப்பிகளில் ஊறும் இனிப்பு நீரைத் தேனீக்கள் உறிஞ்சி வந்து தேனாக்குகின்றன. ஜனவரி பிற்பகுதியில் தொடங்கி ஏப்ரல் வரை அருமனை, குலசேகரம், பேச்சிப்பாறை வட்டாரத் தோட்டங்களில் பெட்டிகள் வரிசையாக வைக்கப்பட்டிருப்பதைக் காணலாம். இந்த இரண்டு மூன்று மாதங்களில் எடுக்கும் தேனைக் கொண்டுதான் தேனீ வளர்ப்போர் ஆண்டு முழுவதற்கும் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது.

எடுத்த தேனை நல்ல விலைக்கு எங்கே விற்பது என்பது பழைய கேள்வி. அமேசான், ஃபிளிப்கார்ட் போன்ற பெரிய இணையச் சந்தைகளில் விற்றால் என்ன என்பது அதற்கு இன்று பலரும் தேடும் புதிய விடை. சென்னையிலும் பெங்களூரிலும் இருப்பவர் கைபேசியில் பார்த்து வாங்குகிறார். இடைத்தரகர் இல்லை, கடை வாடகை இல்லை என்று தோன்றுகிறது. ஆனால் கலப்படமில்லாத தேனை, வளர்ப்போருக்கு நியாய விலை கொடுத்து விற்க நினைப்பவருக்கு இந்தச் சந்தை ஏற்றதுதானா என்பதை வரவு செலவு பார்த்தே முடிவு செய்ய வேண்டும். இதன் சாதக பாதகங்களை இக்கட்டுரையில் காண்போம்.

மார்த்தாண்டம் என்ற பெயரின் மதிப்பு

மார்த்தாண்டத்தில் தேனீ வளர்ப்பு நூறாண்டுகளை எட்டிய தொழிலாகும். இப்பகுதி திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்த 1920-களில், ஒய்.எம்.சி.ஏ. அமைப்பின் கிராமப் புனரமைப்பு மையம் இங்கு இயங்கியது. அமெரிக்கரான டாக்டர் ஸ்பென்சர் ஹாட்ச் அதை நடத்தினார். சிறு விவசாயிகள் வீட்டோடு செய்யக்கூடிய துணைத் தொழில்களுள் ஒன்றாகத் தேனீ வளர்ப்பு அங்கு கற்பிக்கப்பட்டது. விளைந்ததைத் தரம் பிரித்துக் கூட்டாக விற்க வேண்டும் என்பதும் அந்தப் பாடத்தின் ஒரு பகுதி. 1937-இல் மார்த்தாண்டம் தேனீ வளர்ப்போர் கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்டது. உறுப்பினர்களிடம் தேனை வாங்கி, பதப்படுத்தி, அக்மார்க் முத்திரையுடன் விற்கும் முறை வளர்ந்தது.

1991-92-இல் தாய் சாக்புரூட் என்ற நச்சுயிரி நோய் தென்னிந்தியா முழுவதும் பரவியபோது குமரி மாவட்டத்தில் ஏராளமான தேனீக் குடும்பங்கள் அழிந்தன. பெட்டிகள் காலியாகக் கிடந்த அந்த நிலையிலிருந்து தொழில் மீண்டும் தலைதூக்கியது. 2023-இல் மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆகவே 'மார்த்தாண்டம் தேன்' என்ற பெயரில் இரண்டு தலைமுறைக்கு மேற்பட்ட உழைப்பு அடங்கியிருக்கிறது. எந்தச் சந்தையில் விற்றாலும் இந்தப் பெயர் கெடாமல் இருக்க வேண்டும் என்பதே முதல் கவலையாக இருத்தல் வேண்டும்.

இணையச் சந்தை இயங்கும் முறை

வெளிநாட்டு முதலீடு உள்ள இணையச் சந்தைகள் தாமே சரக்கை வாங்கி நுகர்வோருக்கு விற்க நம் நாட்டில் பொதுவாக அனுமதி இல்லை. விற்பவரையும் வாங்குபவரையும் இணைத்து வைக்கும் இடமாக மட்டுமே அவை இயங்கலாம். 2019 பிப்ரவரி முதல் இந்த விதிகள் மேலும் கடுமையாக்கப்பட்டன. எனவே தேனை விற்பவர் சந்தையில் தம் பெயரைப் பதிவு செய்து, படமும் விவரமும் கொடுத்து, விலையையும் தாமே குறிக்கிறார். ஆர்டர் வந்ததும் தம் வீட்டிலிருந்தே அனுப்பலாம். அல்லது சரக்கை முன்கூட்டியே சந்தையின் கிடங்குக்கு அனுப்பி வைக்கலாம். வாங்குபவர் கொடுத்த பணத்தில் கமிஷன், நிலைக்கட்டணம், அனுப்பும் கட்டணம், அவற்றின் மேல் வரி ஆகியவற்றைக் கழித்துக்கொண்டு மீதி விற்பவரின் வங்கிக் கணக்குக்கு வருகிறது.

இதில் பயன் இல்லாமல் இல்லை. மார்த்தாண்டத்துக்கு ஒருமுறையும் வந்திராதவருக்கும் தேன் போய்ச் சேருகிறது. வெளியூர்களில் குடியேறிய குமரி மாவட்டத்தவர் ஊர்த் தேனைத் தேடி வாங்க வழி கிடைக்கிறது. பணம் கடனாக நிற்காமல் குறித்த தவணையில் வந்துவிடுகிறது. எந்த ஊரில் எந்த அளவுப் புட்டி விற்கிறது என்பதும் தெரிகிறது. ஊர்ச் சந்தையில் விலை விழும் ஏப்ரல், மே மாதங்களில் வேறொரு வழி இருப்பது நல்லதுதான்.

ஒரு புட்டியின் கணக்கு

அரை கிலோ தேன் உள்ள கண்ணாடிப் புட்டி ஒன்றை 340 ரூபாய்க்கு விற்பதாக வைத்துக்கொள்வோம். கீழே உள்ள தொகைகள் கணக்குப் போடும் முறையைக் காட்டுவதற்காக மட்டுமே தரப்படுகின்றன. அவரவர் இடத்து விலையையும், சந்தையின் அன்றைய கட்டணத்தையும் இட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தேனுக்கு வளர்ப்போருக்குக் கொடுப்பது ரூ.125
வடித்தல், புட்டி, மூடி, லேபிள், பரிசோதனைச் செலவு ரூ.40
விற்பனை வரி ரூ.16
உடையாமல் அனுப்ப அட்டைப்பெட்டியும் மெத்தைத் தாளும் ரூ.20
சந்தையின் கமிஷனும் நிலைக்கட்டணமும் ரூ.40
அனுப்பும் கட்டணம் ரூ.75
உடைந்தும் திரும்பியும் வருவதற்கான ஒதுக்கீடு ரூ.15
மொத்தச் செலவு ரூ.331
மிச்சம் ரூ.9

இதே புட்டியை நாகர்கோவிலிலோ திருநெல்வேலியிலோ ஒரு கடைக்காரருக்கு 20 சதவீதம் கழிவு கொடுத்து விற்றால், கழிவு 68 ரூபாய், வண்டிச் செலவு 5 ரூபாய் போக மிச்சம் 86 ரூபாய். ஐம்பது பெட்டிகள் வைத்து ஆண்டுக்கு 400 கிலோ எடுப்பவருக்கு 800 புட்டிகள் தேறும். அந்த 800 புட்டிகளிலும் கடை வழியில் கிடைக்கும் மிச்சம் 68,800 ரூபாய். இணையச் சந்தை வழியில் ஒவ்வொரு புட்டியாக அனுப்பினால் கிடைப்பது 7,200 ரூபாய்.

இந்த வேறுபாட்டுக்கு முக்கியக் காரணம் கமிஷன் அன்று, எடைதான். அரை கிலோ தேனும் கண்ணாடியும் அட்டைப்பெட்டியும் சேர்ந்து ஒரு கிலோ எடையை நெருங்கி விடுகின்றன. அனுப்பும் கட்டணம் எடைப்படி ஏறுகிறது. அமேசான் நிறுவனம் 2025 ஏப்ரல் 7 முதல் 300 ரூபாய்க்குக் குறைந்த விலையுள்ள பல வகைப் பொருள்களுக்குக் கமிஷனை நீக்கியது. ஆனால் கமிஷன் போனாலும் அனுப்பும் கட்டணம் இருக்கத்தான் செய்கிறது. விலை குறைந்த சிறு புட்டிக்கு அந்தக் கட்டணமே பெரும் சுமையாகும்.

ஒரே பெட்டியில் இரண்டு புட்டிகளை வைத்து 680 ரூபாய்க்கு விற்றால் நிலைமை மாறும். அட்டைப்பெட்டி 28, சந்தைக் கட்டணம் 70, அனுப்பும் கட்டணம் 105, ஒதுக்கீடு 25 என்று கொண்டால், தேன், புட்டி, வரிச் செலவுகள் 362 ரூபாயும் சேர்த்து மொத்தச் செலவு 590 ரூபாய். மிச்சம் 90 ரூபாய், அதாவது புட்டிக்கு 45 ரூபாய். எனவே இணையத்தில் விற்பதானால் ஒரு கிலோவுக்குக் குறையாத கட்டாக விற்பதே கட்டுபடியாகும்.

இந்தக் கணக்கில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அதே பக்கத்தில் மற்றொருவர் அரை கிலோ தேனை 300 ரூபாய்க்கோ அதற்கும் குறைவாகவோ வைத்திருப்பார். விலையைக் குறைத்தால்தான் விற்கும் என்ற நிலை வரும்போது புட்டியின் விலையையோ கூரியர் கட்டணத்தையோ விற்பவரால் குறைக்க முடியாது. குறைக்கக் கூடியது வளர்ப்போருக்குக் கொடுக்கும் 125 ரூபாய் மட்டுமே. நியாய விலை கொடுப்போம் என்று சொல்லித் தொடங்கிய சங்கமோ குழுவோ அந்தச் சொல்லை முதலில் மீற நேர்வது இந்த இடத்தில்தான்.

உறைந்த தேனும் நட்சத்திரக் குறியும்

இணையத்தில் வாங்குபவர் தேனைச் சுவைத்துப் பார்த்து வாங்குவதில்லை. முன்பு வாங்கியவர்கள் இட்ட நட்சத்திரக் குறிகளைப் பார்த்தே வாங்குகிறார். இது நல்ல தேனுக்குச் சில சமயம் எதிராகவே முடிகிறது.

ரப்பர் தேனில் குளுக்கோஸ் சர்க்கரை மிகுதி. ஆகவே அது விரைவில் உறைந்து மணிமணியாகி விடும். இது தேனின் இயல்பே தவிரக் குறை அன்று. ஆனால் நகரத்தில் வாங்குபவர் புட்டியின் அடியில் வெள்ளையாகத் திரண்டிருப்பதைக் கண்டு சர்க்கரை கலந்ததாக எண்ணி, ஒரு நட்சத்திரம் போட்டுத் திருப்பி அனுப்புகிறார். எப்போதும் பாகுபோல் தெளிவாக இருக்கும் கலப்படச் சரக்குக்கு இந்தத் தொல்லை இல்லை. உறைவதைக் கொண்டோ உறையாததைக் கொண்டோ தேனின் தூய்மையைச் சொல்ல இயலாது என்பதை லேபிளிலும் விற்பனைப் பக்கத்திலும் தெளிவாக எழுத வேண்டும். 'இத்தேன் உறையும் இயல்புடையது. கை பொறுக்கும் சூடுள்ள வெந்நீரில் புட்டியைச் சிறிது நேரம் வைத்தால் இளகும். அடுப்பில் வைத்துச் சூடாக்க வேண்டாம்' என்ற மூன்று வரிகள் பல திருப்பங்களைத் தவிர்க்கும்.

இரண்டாவது குறை ஈரப்பதம். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் தர அளவுப்படி தேனில் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் இருத்தல் கூடாது. நம் பகுதியில் அவசரப்பட்டு எடுக்கும் ரப்பர் தேனில் ஈரம் இதைவிடக் கூடுதலாக இருப்பது உண்டு. அத்தகைய தேன் கோடையில் கிடங்கில் கிடந்தால் புளித்து, நுரைத்து, மூடியைத் தள்ளிக்கொண்டு கசியும். ஊர்க் கடையில் இது நேர்ந்தால் கடைக்காரர் சொல்லி அனுப்புவார், மாற்றிக் கொடுக்கலாம். இணையத்தில் நேர்ந்தால் குறைக்குறி நிலையாக நின்றுவிடும்.

எனவே அடையில் உள்ள அறைகளில் முக்கால் பங்குக்கு மேல் தேனீக்கள் மூடி போட்ட பிறகே தேன் எடுக்க வேண்டும். ஈரப்பதம் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர் கருவியால் ஒவ்வொரு தகரத்தையும் சோதித்து எழுதி வைக்க வேண்டும். பல வளர்ப்போர் சேர்ந்து ஒரு கருவி வாங்கினால் போதும். ஈரத்தை நீக்கவும் ஈஸ்ட் நுண்ணுயிரிகளைக் கொல்லவும் தேனை நேரடித் தீயில் காய்ச்சுவது தவறு. மிகையாகச் சூடேற்றினால் எச்.எம்.எஃப். என்ற பொருள் கூடி, அளவைத் தாண்டும்போது தேன் தரச் சோதனையில் தேறாமல் போகும். நீர்த்தொட்டியில் பாத்திரத்தை வைத்து அளவாகச் சூடேற்றி வடிக்கும் வசதி உள்ள இடங்களில் கொடுத்துப் பதப்படுத்துவதே சிறந்தது.

கலப்படத்துடன் போட்டி

2020 டிசம்பரில் டெல்லியில் உள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 13 பிராண்டுத் தேன்களைச் சோதித்த முடிவை வெளியிட்டது. வழக்கமான சோதனைகளில் பல பிராண்டுகள் தேறியபோதிலும், ஜெர்மனியில் என்.எம்.ஆர். என்ற நுண்சோதனையும் செய்தபோது எல்லாச் சோதனைகளிலும் தேறியவை 3 பிராண்டுகள் மட்டுமே என்று அம்மையம் அறிவித்தது. சோதனைகளுக்கு அகப்படாதவாறு தயாரிக்கப்பட்ட சர்க்கரைப் பாகுகள் சந்தையில் கிடைப்பதாகவும் கூறியது. சில நிறுவனங்கள் இம்முடிவை மறுத்தன. ஏற்றுமதிக்குச் செல்லும் தேனுக்கு அதே 2020 ஆகஸ்டு முதல் என்.எம்.ஆர். சோதனை தேவைப்படலாயிற்று.

இதிலிருந்து சிறு வளர்ப்போர் அறிய வேண்டியது, விலைப் போட்டியில் கலப்படத்தை வெல்ல முடியாது என்பதே. பாகின் அடக்க விலைக்குத் தேனைக் கொடுக்க எந்தத் தேனீயாலும் இயலாது. இருவரையும் அருகருகே நிறுத்தி விலையை மட்டும் பெரிய எழுத்தில் காட்டும் இடத்தில் நல்ல தேன் எப்போதும் விலை கூடியதாகவே தோன்றும். விலை ஏன் கூடுதல் என்று சொல்லக் கூடிய இடத்தில்தான் நல்ல தேன் நிற்க முடியும்.

இங்கு வளர்ப்போர் தரப்பில் கவனிக்க வேண்டியதும் ஒன்று உண்டு. மழைக் காலத்தில் பூவும் தளிரும் இல்லாதபோது தேனீக்களைக் காப்பாற்றச் சர்க்கரைப் பாகு கொடுப்பது வழக்கம், அது தேவையும்கூட. ஆனால் தேன் வரவு தொடங்கும் முன்பே பாகு கொடுப்பதை நிறுத்திவிட வேண்டும். பெட்டியின் மேல் தேன் அறை வைத்த பிறகு ஒரு துளிப் பாகும் கொடுத்தல் கூடாது. அடையில் தங்கிய கரும்புச் சர்க்கரை சோதனையில் வெளிப்பட்டால், கலப்படம் செய்யாதவரும் கலப்படக்காரர் என்ற பழியை ஏற்க நேரிடும். ஒருவர் தவறினால் சங்கத்தின் முழுச் சரக்கும் கெட்ட பெயர் எடுக்கும்.

வாடிக்கையாளர் யாருடைய வாடிக்கையாளர்?

மார்த்தாண்டம் கடையில் ஒருமுறை வாங்கியவர் மறுமுறையும் அங்கேயே வருகிறார், அல்லது தொலைபேசியில் சொல்லி வரவழைக்கிறார். பெரிய இணையச் சந்தையில் வாங்கியவர் 'அமேசானில் வாங்கினேன்' என்றுதான் சொல்வார். அடுத்த முறை அவர் 'தேன்' என்று தேடும்போது பத்துப் புட்டிகள் முன்னால் நிற்கும். முதல் வரிசையில் நிற்க விளம்பரக் கட்டணம் கொடுத்தவர் நிற்பார். வாங்கியவரின் தொலைபேசி எண் விற்பவருக்குக் கிடைப்பதில்லை. அவரை வேறு வழியில் வாங்க அழைக்கும் துண்டுச் சீட்டைப் பெட்டிக்குள் வைப்பதையும் சந்தைகள் அனுமதிப்பதில்லை. ஐந்து ஆண்டுகள் விற்ற பிறகும் தம் சரக்கை உண்பவர் யார் என்று தெரியாத நிலையில் விற்பவர் இருப்பார். சந்தை நாளைக்கே கட்டணத்தை உயர்த்தினால் அவரால் விலகவும் முடியாது.

உலகின் பெரிய நிறுவனங்களும் இதை எண்ணிப் பார்த்துள்ளன. பிர்க்கன்ஸ்டாக் என்ற ஜெர்மன் காலணி நிறுவனம், போலிச் சரக்குகளும் அனுமதி பெறாத விற்பனையாளரும் பெருகியதைக் காரணம் காட்டி, 2017 ஜனவரி முதல் அமெரிக்காவில் அமேசானில் விற்பதை நிறுத்தியது. 2019-இல் நைக்கி நிறுவனமும் அமேசானுக்கு நேரடியாகச் சரக்குக் கொடுப்பதை நிறுத்தியது. நம் நாட்டில், நன்றாக விற்கும் பிறர் சரக்குகளைப் பார்த்துத் தன் பிராண்டில் அதுபோன்றவற்றை அமேசான் செய்து, தேடுவோருக்கு முன்னிறுத்தியதாக ராய்ட்டர் செய்தி நிறுவனம் 2021 அக்டோபரில் எழுதியது. அமேசான் அதை மறுத்தது.

மறுபுறம், குஜராத் பால் கூட்டுறவு விற்பனைக் கூட்டமைப்பின் அமுல் சரக்குகள் பெரிய இணையச் சந்தைகளிலும் கிடைக்கின்றன. அதனால் அமுல் பெயர் கெடவில்லை, பால் ஊற்றும் விவசாயியின் விலையும் அந்தச் சந்தையின் கையில் இல்லை. 1973-இல் அமைந்த அந்தக் கூட்டமைப்புக்கு ஊர்தோறும் தன் முகவர்களும் கடைகளும் இருப்பதே காரணம். எந்தச் சந்தை கதவடைத்தாலும் மறுநாள் பால் விற்கும். தனக்கென்று வேறு வழிகள் உள்ளவருக்கு இணையச் சந்தை ஒரு கூடுதல் வழி. வேறு வழி இல்லாதவருக்கு அதுவே எஜமானாகி விடும்.

செய்ய வேண்டியவை

மேற்கண்டவற்றைக் கொண்டு பார்க்கும்போது, பெரிய இணையச் சந்தையை அடியோடு ஒதுக்கவும் வேண்டாம், முழுவதும் அதை நம்பவும் வேண்டாம். தேனீ வளர்ப்போர் கீழ்க்கண்டவாறு செய்தல் நலம்.

1. தனித்தனியாக இறங்க வேண்டாம். பத்துப் பெட்டி வைத்திருப்பவர் தனியே பதிவு செய்து, சோதனை, லேபிள், புகார் யாவற்றையும் சமாளிப்பது கடினம். கூட்டுறவுச் சங்கம், உழவர் உற்பத்தியாளர் நிறுவனம், மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டமைப்பு இவற்றுள் ஒன்றின் பெயரில் ஒரே தரத்தில் விற்பதே சிறந்தது.

2. மொத்தத் தேனில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஒரே இணையச் சந்தைக்கு ஒதுக்க வேண்டாம். மீதியைச் சொந்தக் கடை, சங்கக் கடை, கதர் அங்காடி, மருந்துக் கடை, நேரடி வாடிக்கையாளர் எனப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

3. வளர்ப்போருக்குக் கொடுக்கும் விலையைத் தேன் காலத்துக்கு முன்பே கூட்டம் கூட்டித் தீர்மானித்து எழுதி வைக்க வேண்டும். இணையத்தில் தள்ளுபடி விற்பனை வந்தாலும் அந்த விலையில் கை வைப்பதில்லை என்பதையும் தீர்மானத்தில் சேர்க்க வேண்டும். அந்த விலையில் கட்டுபடியாகவில்லை என்றால் தள்ளுபடியில் கலந்துகொள்ள வேண்டாம்.

4. ஒரு கிலோவுக்குக் குறையாத கட்டாக மட்டும் இணையத்தில் வைக்க வேண்டும். சிறு புட்டிகளைக் கடைகளுக்கும், கன்னியாகுமரி, திற்பரப்பு, பத்மநாபபுரம் வரும் சுற்றுலாப் பயணிகளுக்கும் ஒதுக்கலாம்.

5. பொட்டலப் பொருள் விதிகளின்படி லேபிளில் தயாரிப்பவரின் பெயர், முகவரி, நுகர்வோர் தொடர்பு எண் ஆகியவை இருந்தே ஆக வேண்டும். இவற்றைத் தெளிவான எழுத்தில் அச்சிட வேண்டும். எடுத்த மாதம், தொகுதி எண், ஈரப்பதம் ஆகியவற்றையும் சேர்ப்பது நல்லது. சந்தை தராத வாடிக்கையாளரை இந்த லேபிள் தேடித் தரும்.

6. புவிசார் குறியீடு கிடைத்துவிட்டதால் மட்டும் ஒவ்வொருவரும் அப்பெயரை அச்சிடும் உரிமை பெற்றுவிடுவதில்லை. அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். பிற மாவட்டத் தேனையோ பாகையோ 'மார்த்தாண்டம் தேன்' என்று விற்பவர் மீது 1999-ஆம் ஆண்டுப் புவிசார் குறியீட்டுச் சட்டப்படி நடவடிக்கை எடுக்கலாம். ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50 ஆயிரம் ரூபாய் முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க இடம் உண்டு. சங்கத்தில் ஒருவரை அமர்த்தி, மாதம் ஒருமுறை இணையச் சந்தைகளில் இப்பெயரில் யார் யார் விற்கின்றனர் என்று பார்த்து எழுதி வைக்கச் செய்ய வேண்டும். 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி விற்பவரின் பெயரையும் முகவரியையும் சந்தை காட்டியாக வேண்டும். ஆகவே போலியைக் கண்டுபிடிப்பது இப்போது இயலாததன்று.

7. உணவுப் பாதுகாப்புப் பதிவு அல்லது உரிமம் இன்றித் தேன் விற்கக் கூடாது. ஜி.எஸ்.டி. வரம்புக்கு உட்பட்ட சிறு விற்பனையாளர், மாநிலத்துக்குள் மட்டும் விற்பதானால், 2023 அக்டோபர் 1 முதல் ஜி.எஸ்.டி. பதிவு இன்றி, அதற்கான தனி எண் பெற்று இணையச் சந்தையில் விற்கலாம். வெளி மாநிலத்துக்கு அனுப்ப ஜி.எஸ்.டி. பதிவு தேவை.

8. அரசு முயற்சியால் 2021 டிசம்பரில் தொடங்கப்பட்ட ஓ.என்.டி.சி. என்ற திறந்த வலையமைப்பையும் பரிசீலிக்கலாம். இதில் ஒரே நிறுவனத்தின் சந்தையில் அடங்க வேண்டியதில்லை. ஒருமுறை பதிவு செய்த சரக்கைப் பல செயலிகளில் இருந்தும் வாங்கலாம். நாட்டில் பதிவான 8,000 உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களில் சுமார் 5,000 நிறுவனங்கள் இதில் சேர்ந்திருந்ததாக மத்திய அரசு 2024-இல் தெரிவித்தது. ஆனால் இங்கும் எடைக்கான அனுப்பும் கட்டணம் உண்டு, கணக்குப் பார்த்தே இறங்க வேண்டும்.

மட்டிக்கும் கிராம்புக்கும்

குமரி மாவட்டத்தின் வேறு இரு புவிசார் குறியீட்டுப் பொருள்களுக்கும் இதே அளவுகோலை வைத்துப் பார்க்கலாம். 2023 ஜூலையில் குறியீடு பெற்ற மட்டி வாழைப்பழம் மெல்லிய தோலும் மணமும் உடையது. பழுத்தால் இரண்டு மூன்று நாட்களுக்கு மேல் தாங்காது. கூரியரில் மூன்று நான்கு நாட்கள் அலைந்து போவதற்கு ஏற்றதன்று. அதற்கு வடசேரி, அப்டா சந்தைகளும், திருவனந்தபுரம் போன்ற அருகிலுள்ள நகரங்களின் பழக்கடைகளுமே பொருத்தமானவை. பெயர் பெற்ற பொருள் என்பதற்காக மட்டியை இணையத்தில் வைத்து, அழுகிய பழத்துக்குப் பணம் திருப்பிக் கொடுப்பதில் பயன் இல்லை.

மாறமலை, வெள்ளிமலைப் பகுதிகளில் விளையும் கன்னியாகுமரி கிராம்பு இதற்கு நேர்மாறானது. எடை குறைவு, விலை அதிகம், நன்கு உலர்த்திக் காற்றுப் புகாமல் அடைத்தால் நெடுநாள் கெடாது. நூறு கிராம் பொட்டலத்துக்குக் கண்ணாடியும் வேண்டாம், உடையும் அச்சமும் இல்லை. இணையச் சந்தையில் முதலில் இறக்கிப் பார்க்கத் தக்க சரக்கு இதுவே. தேன் இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. கெடுவது குறைவு, ஆனால் கனம் அதிகம். எடைக்கு ஈடான விலையும், தாங்கும் நாளும், அனுப்பும் கட்டணமும் சேர்ந்தே சரக்குக்கு ஏற்ற சந்தையை முடிவு செய்கின்றன.

தேன் காலம் தொடங்கும் முன்பே சங்கங்களும் குழுக்களும் கூடி, சென்ற ஆண்டு தேன் எந்தெந்த வழியில் எவ்வளவு விற்றது, ஒவ்வொரு வழியிலும் வளர்ப்போர் கைக்குக் கிலோவுக்கு எவ்வளவு வந்தது என்று எழுதிப் பார்ப்பது நல்லது. அந்த ஏட்டில் இணையச் சந்தைக்கும் ஒரு பத்தி ஒதுக்கி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒப்பிட்டு, அதன் பங்கைக் கூட்டவோ குறைக்கவோ செய்யலாம். தேனின் ஈரப்பதச் சோதனை, தேனீ நோய்க் கட்டுப்பாடு, மழைக்கால உணவு ஆகியவை குறித்து ஐயம் இருப்பின் திருப்பதிசாரத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தையோ, பேச்சிப்பாறைத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தையோ அணுகி ஆலோசனை பெறலாம்.